கச்சிராயபாளையம் சாலையில் என் பெயருக்கு ஓர் அபராதம்

1

அந்தச் செய்தி வந்தபோது நான் ரத்தம் நிரப்பிய ஒரு சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அயர்லாந்தில், டப்ளினுக்கு மேற்கே ஒரு சிறு நகரத்து மருத்துவமனையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. வருகிற ரத்தத்தை இயந்திரத்துக்குக் கொடுத்து, அது தருகிற எண்களை நம்பலாமா என்று பார்த்து மேலே அனுப்ப வேண்டும். இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு குணம் ஒட்டிக்கொள்ளும். எண் ஒன்று வழக்கத்துக்கு மாறாக வந்தால், ஐயோ நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் பதறுவதில்லை. குழாய் மாறியிருக்குமோ, பெயர்ச்சீட்டைத் தப்பாக ஒட்டிவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றும்.

என் கணவர் பிரான்சிஸ் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "லேப் மேல பழி போடாத. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்க வீட்டு ஆளுங்கள நீ பாத்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கு" என்பார்.

என்னிடம் இரண்டு போன்கள். ஒன்றில் இந்த ஊர் எண். இன்னொன்றில் நம் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய எண். வங்கிக்கும் ஆதாருக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறேன் என்பதால் மாதாமாதம் பணம் போட்டு உயிரோடு வைத்திருக்கிறேன். அதில் மனிதர்கள் யாரும் பேசுவதில்லை. அன்று அதில்தான் வந்தது: உங்கள் வாகனத்தை ஓட்டியவர் ஓட்டும்போது செல்போன் பயன்படுத்தியதால் அபராதம் விதிக்கப்பட்டிருக்கிறது, கட்டுவதற்கு இங்கே தொடவும்.

என் பெயரில் ஊரில் ஒரு வாகனம் உண்டு. வெள்ளை நிறத்தில் ஒரு சின்னக் கார். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது வாங்கியது. தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து கள்ளக்குறிச்சிக்கும், நிலைமை மோசமான நாட்களில் சேலத்துக்கும் அது போய்வந்தது. கூப்பிட்டால் வருகிற ஏழுமலை என்ற டிரைவர் ஓட்டினான். அப்பா போன பிறகு, அம்மா தனியாக இருக்கிற அந்த வீட்டுக் கொட்டகையில் வண்டி தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. பேட்டரி செத்துப்போகாமல் இருக்க ஏழுமலை எப்போதாவது வந்து ஸ்டார்ட் செய்துவிட்டுப் போவான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கொட்டகையில் நிற்கிற வண்டிக்கு எப்படி அபராதம் விழும்?

பக்கத்து மேசை நோராவிடம், "ஊரிலிருந்து எனக்கு ஃபைன் வந்திருக்கிறது" என்றேன், என் ஆங்கிலத்தில். "ஊரில் எல்லாரும் ஃபைன்தானே, நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் இயந்திரத்தைப் பார்க்கத் திரும்பினாள். பத்து வருடமாகியும் நான் ஒன்று சொல்ல இவர்கள் ஒன்று புரிந்துகொள்வது நிற்கவில்லை. நானும் திருத்தவில்லை.

2

"தொடாத" என்றார் பிரான்சிஸ், சாயங்காலம். "இப்ப இதான் ஏமாத்து வேல. லிங்க்க தொட்ட அடுத்த நிமிஷம் அக்கவுன்ட்ட தொடைச்சிடுவானுங்க."

தொடவில்லை. ஆனால் அழித்துவிடவும் மனம் வரவில்லை. அரசின் இணையதளத்தைத் தனியாகத் தேடிப் போய் வண்டி எண்ணைப் போட்டேன். இரண்டு தடவை தளம் சுற்றிச் சுற்றி நின்றது. மூன்றாவது தடவை திறந்தது. செய்தி பொய்யில்லை. ஓட்டும்போது செல்போன். இடம், கச்சிராயபாளையம். பக்கத்தில் ஒரு படம்.

போலீஸ்காரர் பின்னாலிருந்து எடுத்த படம். நம்பர் பிளேட் தெளிவாக இருந்தது. யாரோ போலி எண் மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் பின் கண்ணாடியில் மாதா ஸ்டிக்கர், வலது ஓரம் கிழிந்தது, அப்படியே இருந்தது. அதைக் கோணலாக ஒட்டிப் பிய்த்து மறுபடி ஒட்டியது என் தம்பி அந்தோணி. உள்ளே இருப்பவர் தலை தெரியவில்லை. கண்ணாடி முழுக்க வானம்தான் பளபளத்தது.

கச்சிராயபாளையம் எங்கள் வீட்டுக்குப் போகிற வழியோ வருகிற வழியோ இல்லை. கள்ளக்குறிச்சியைத் தாண்டி அந்தப் பக்கம். அதற்குமேல் கோமுகி அணை, அப்புறம் கல்வராயன் மலை ஏறும் சாலை. மலைக்குப் போகிறவர்களில் அருவி பார்க்கப் போகிறவர்களும் மரவள்ளி வாங்கப் போகிறவர்களும்தான் அதிகம். ஆனாலும் அந்தச் சாலையில் ஒரு வண்டியைப் போலீஸ் படம் எடுத்தது என்று எங்கள் ஊரில் சொன்னால், அடுத்த கேள்வி "உள்ள இன்னா ஏத்திக்கினு வந்தாங்க?" என்பதாகத்தான் இருக்கும். மலையில் காய்ச்சுகிற சாராயம் என்று யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

அந்தச் சமயம் என் அயர்லாந்துக் குடியுரிமை விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. எந்த நாட்டிலாவது குற்றம், அபராதம், போக்குவரத்து வழக்கு உண்டா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். இப்போது என் பெயரில் ஒரு கார் மலையடிவாரத்தில் யாரையோ ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. இன்று செல்போன். நாளை என்ன?

3

அந்தோணிக்குச் சின்னசேலத்தில் உரக்கடை. என்னைவிட நாலு வயது இளையவன். அவனைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

"அக்கா, அது ஃபிராடு. எனக்கே வாரத்துக்கு ரெண்டு வருது."

"மாதா ஸ்டிக்கர் இருக்குதுடா. ஓரம் கிழிஞ்சது."

கடையில் யாரோ மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் மாறிவிட்டது. "அப்ப என்ன சந்தேகப்பட்றியா?"

"நா அப்டி சொன்னனா?"

"சொல்லாட்டி இன்னா? எனக்கு இன்னாத்துக்கு உன் வண்டி? எங்கிட்ட வண்டி இல்லியா? வித்துடலாம், வித்துடலாம்னு ரெண்டு வருஷமா கத்திக்கினு இருக்கேன். நீதான் கையெழுத்து போட மாட்ற."

அது உண்மைதான். ஆனால் உண்மையாக இருப்பதாலேயே எனக்கு உறுத்தியது. விற்க அவசரப்படுகிறவன் யாருக்காவது ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருப்பானோ? வாடகைக்கு விட்டுவிட்டு என்னிடம் மறைக்கிறானோ? தம்பியைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. நினைப்பும் நிற்கவில்லை.

மறுநாள் அவனே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "வண்டி பூட்டித்தான் கெடக்குது. தார்ப்பாய் போட்டது போட்டபடி இருக்குது."

"டயர்ல மண்ணு ஒட்டியிருக்குதா பாரு."

"நா இன்னா சிஐடியா?" என்று எரிந்து விழுந்தவன், அரை மணி கழித்து ஒரு படம் அனுப்பினான். எங்கள் தெரு சிமென்ட் தெரு. டயர் இடுக்குகளில் செம்மண் அப்பியிருந்தது. ஒரு காய்ந்த இலையும் நசுங்கி ஒட்டியிருந்தது. படத்தின் கீழே அவன் எழுதியிருந்தான்: "ஏழுமலை வேலை."

ஏழுமலையைப் போனில் பிடித்தேன். அவன் அழாத குறை.

"மாதா மேல சத்தியமா நா தொடலீங்கக்கா. போன வருஷமே அம்மா சாவிய வாங்கிக்கினாங்க. இனிமே நீ வர வேணாம் ஏழுமல, நா பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க."

"எதை பாத்துக்கிறாங்க?"

"அத்த நா எப்டிங்க கேக்கறது?"

மாதா மேல் சத்தியம் செய்கிற ஏழுமலை மாதா கோயிலுக்குள் காலை வைத்ததில்லை. அவனையும் நான் நம்பவில்லை.

4

அம்மாவிடம் கேட்பதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அம்மா பெயர் லூர்துமேரி. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வாழ்நாளில் பாதியை டவுன் பஸ்ஸில் கழித்தவள். தினமும் காலையில் வேலைக்குப் போகும் வழியில் அவளோடு பேசுவேன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, எங்கே இருக்கிறாய். மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் எனக்கு அன்றைய நாள் ஓடும். அன்று சனிக்கிழமை, வேலை இல்லை. சமையலறையில் நின்றபடி கூப்பிட்டேன்.

"நம்ம வண்டிக்கு ஃபைன் வந்துருக்குதும்மா."

"எந்த வண்டிக்கு?"

"நம்மகிட்ட எத்தினி வண்டி இருக்குது? யாரோ போன் பேசிக்கினே ஓட்டியிருக்காங்க. கச்சிராயபாளையத்துல போலீசு போட்டோ எடுத்துருக்காங்க."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"எனக்கு இன்னாடி தெரியும்? சாவி ஆணியில தொங்கிக்கினு இருக்குது."

"ஏழுமலய வர வேணாம்னு ஏன் சொன்ன?"

"அவனுக்கு வேற வேல இல்லியா?" என்றவள் சட்டென்று, "பெரிய கேஸாடி அது? உனக்கு அங்க எதுனா ஆவுமா?" என்று கேட்டாள்.

"ஆவலாம்" என்றேன். பயம் காட்டினால் உண்மை வரும் என்று எனக்கு ஒரு கணக்கு.

"அடுப்புல கொழம்பு கெடக்குது. அப்பறமா பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அங்கே மத்தியானம் ஒரு மணி இருக்கும். பதினொரு மணிக்கே குழம்பை இறக்கிவிடுகிறவள் என் அம்மா.

யாரையோ காப்பாற்றுகிறாள் என்பது தெளிவாகிவிட்டது. யாரை? ஜெபக்கூட்டத்தில் ஒட்டிக்கொண்ட யாராவதா? சாவியை வாங்கிக்கொண்டு போய் மலையில் எதையோ செய்துவிட்டுத் திருப்பித் தருகிற தூரத்து உறவா? தனியாக இருக்கிற அறுபது வயதுப் பெண்ணைப் பற்றி அவள் மகள் நினைக்கக் கூடாத ஒன்றையும் நினைத்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். அதை என் முகத்திலேயே பார்த்துவிட்டுத்தான் பிரான்சிஸ், "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம், விடு" என்றார்.

விடவில்லை. ஏழுமலையின் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று அரசுத் தளத்தை மறுபடி திறந்தேன். படத்தின் அடியில் தேதியும் நேரமும் இருந்தன. ஒரு வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்றே முக்கால். அந்த நேரத்தில் வீட்டில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள், யாராவது வந்தார்களா என்று கேட்க வேண்டும். இந்திய நேரத்தை இந்த ஊர் நேரமாக மாற்றினேன். காலை ஏழேகால்.

ஏழேகாலுக்கு நான் காரில் இருப்பேன். அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பேன்.

என் போனில் அழைப்புகளைப் புரட்டினேன். அந்த வியாழக்கிழமையும் பேசியிருக்கிறேன், வீட்டிலிருந்து கிளம்பியது முதல் மருத்துவமனை வாசல் வரை. இந்த நாட்டில் ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் அபராதத்தோடு உரிமத்தில் தண்டனைப் புள்ளியும் விழும். அதனால் என் போன் காரோடு இணைக்கப்பட்டிருக்கும். அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் வரும். என் கைகள் இரண்டும் ஸ்டியரிங்கில் இருக்கும். சட்டத்தை அவ்வளவு மதிக்கிறவள் நான்.

அந்தப் பேச்சை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். இரைச்சலாக இருந்தது. என்னம்மா சத்தம் என்று கேட்டேன். "கொல்லையில மோட்டார் ஓடுதுடி" என்றாள். நடுவில் ஒரு ஹாரன். "தெருவுல பஸ்ஸு" என்றாள். எங்கள் தெருவுக்குள் பஸ் வராது. அன்று அது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்படியானால் அம்மா வண்டிக்குள் இருந்திருக்கிறாள். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசினால் போலீஸ் ஏன் அபராதம் போடப் போகிறது? போன் இருந்தது அம்மா கையில். அபராதமோ ஓட்டியவருக்கு.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. இயந்திரம் இப்படி ஒரு எண்ணைத் தந்திருந்தால் நிச்சயம் குழாய் மாறிவிட்டது என்று தூக்கி வைத்திருப்பேன்.

5

என் மகள் ஷெரினுக்குப் பதினைந்து வயது. நம் மொழியைப் புரிந்துகொள்வாள். பேசுவது அவளுக்குச் செருப்பை மாற்றிப் போட்டு நடப்பது போல. என் அம்மாவை ஆயா என்று கூப்பிடுவாள். இந்த அபராதப் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவதை நான் கவனித்திருந்தேன். அவள் விஷயத்தில் எனக்கு வேறு சந்தேகங்களும் இருந்ததால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தேன்.

"ஷெரின், ஆயா கார் ஓட்டுறாங்களா?"

அவள் ஆங்கிலத்தில் எதையோ தொடங்கி, நிறுத்தி, தமிழுக்கு வந்தாள். பொய் சொல்லக் கூடாது என்று தீர்மானித்தால்தான் அவள் தமிழுக்கு வருவாள்.

"ஆயா ஓட்டுது. நான் ப்ராமிஸ் பண்ணேன். சொன்னா நீ ஆயாவ நிறுத்துவ."

"எவ்ளோ நாளா?"

போனை நீட்டினாள். அம்மா அவளுக்கு அனுப்பிய படங்கள். மலைமேல் இறங்கும் மேகம். அணைத் தண்ணீர். வளைவு ஒன்றில் நிற்கிற மாடுகள். ஒரு மரவள்ளிக் காடு. எல்லாப் படத்திலும் அடியில் எங்கள் காரின் வெள்ளை மூக்கு கொஞ்சம் தெரிந்தது. அம்மா எனக்கு அனுப்புவதெல்லாம் காலை வணக்கமும் வேத வசனமும்தான்.

"ஆயா எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஷெரின் தோளைக் குலுக்கினாள். "நீ 'எங்க இருக்க'ன்னு கேப்ப. நான் 'வாவ்'னு சொல்வேன்."

6

ஜூலையில் பள்ளி விடுமுறைக்கு ஷெரினைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மாவிடம் போனில் இதைப் பற்றிப் பேசவில்லை. நேரில் கேட்டால்தான் முகம் தெரியும்.

முகம் வாடியிருந்தது. கொட்டகையில் கார்மேல் தார்ப்பாய், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கட்டிப்போட்ட மாடு மாதிரி நின்றது. நான் பையை வைத்துவிட்டு அதைப் பார்ப்பதை அம்மா பார்த்தாள்.

"வித்துடுங்க. அந்தோணி ஆளு பாத்துக்கினு இருக்கான்."

"நீ ஓட்டுன இல்ல?"

மறுக்கவில்லை. உள்ளே போய் பீரோவிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். திருடிய பொருளைத் திருப்பித் தருகிறவள் போல. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அசல்தான்.

"கள்ளக்குறிச்சியில டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கினேன். எல்லாம் காலேஜு பொண்ணுங்க. நா மட்டும்தான் நரச்ச தலை. மொதோ டெஸ்ட்ல போயிடுச்சி. ரெண்டாவதுல குடுத்துட்டாங்க."

"இப்ப ஓட்றியா?"

"நீ ஃபைனுன்னு சொன்ன அன்னிலேர்ந்து தொடல. உனக்கு அங்க சிட்டிசன் குடுக்க மாட்டாங்கன்னு அந்தோணி சொன்னான். என்னால உனக்குக் கெட்ட பேரு வாணாம்."

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

"மலையில யார பாக்கப் போன?"

"யாரயும் பாக்கல."

"அப்ப எதுக்கு அவ்ளோ தூரம் போன?"

"சும்மா."

"சும்மாவா யாராவது கல்வராயன் மல ஏறுவாங்களா? பெட்ரோலு விக்கிற வெலையில?"

"நீ நம்புனா நம்பு" என்று சொல்லிவிட்டு அம்மா ஷெரினுக்குத் தோசை வார்க்கப் போனாள். நான் நம்பவில்லை. அம்மாவின் அகராதியில் சும்மா என்ற சொல்லே கிடையாது. சும்மா உட்காராதே, சும்மா பேசாதே, சும்மா தராதே என்று எங்களை வளர்த்தவள்.

அதனால் மறுநாள் சொன்னேன்: "எங்கியோ போவ இல்ல, அங்க எங்களையும் இட்டுக்கினு போ."

7

அம்மா போனை ஷெரினிடம் கொடுத்துவிட்டு இருக்கையை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கால் இருக்கிற இடத்தில் பிரேக்கைத் தேடினேன். கள்ளக்குறிச்சி நெரிசலில் ஷேர் ஆட்டோக்காரர்கள் குறுக்கே வந்தபோது, "வா ராசா, நீ போ மொதல்ல" என்று முணுமுணுத்தபடி வழிவிட்டாள். கச்சிராயபாளையத்தில் போலீஸ் யாரும் இல்லை. ஆனாலும் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து கடந்தாள்.

அணையைத் தாண்டி ஏற்றம். நான் சாலையைவிட மனிதர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் வணக்கம் வைக்கிறார்கள்? எந்த வீட்டுக்கு எதிரில் அவள் பார்வை திரும்புகிறது? வளைவுகளில் கியரை மாற்றுவதைத் தவிர அம்மாவிடம் ஓர் அசைவும் இல்லை. எதிரே பஸ் வந்தபோது ஒதுங்கி நின்றாள். அந்த டிரைவர் கையை உயர்த்தினார். அம்மாவும் உயர்த்தினாள். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

வெள்ளிமலையில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினாள். கடையில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னா கார்க்காரம்மா, ரெண்டு மாசமா காணம்?"

அம்மா சிரித்துவிட்டு ஷெரினோடு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள். நான் கடைக்காரியிடம் நெருங்கி, முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டேன். "எங்கம்மா இங்க யார பாக்க வருவாங்க?"

"யாரயும் இல்லீங்க. ஒரு டீ குடிப்பாங்க. தோ, அங்க கொஞ்ச நேரம் நிப்பாங்க. வண்டிய திருப்பிக்கினு எறங்கிடுவாங்க." பாலை ஆற்றிக்கொண்டே அவள் குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல எங்களுக்கும் டவுட்டுதான். நெலம் அளக்க வந்த கெவர்மென்ட்டு ஆளோன்னு பேசிக்கினோம். இந்தப் பக்கம் கீழேந்து ஆளு வந்தா எதுக்குன்னு ஒண்ணு இருக்கும் இல்லீங்களா? அப்பறம் பாத்தா, அம்மா சும்மாதான் வர்றாங்க."

கொதிக்கிற டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விசாரிக்க இனி யாரும் இல்லை.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்ளோதானா?" என்றேன்.

"இவ்ளோதான்."

பிறகு அவளாகவே பேசினாள். என்னைப் பார்க்காமல், எதிரே ஷெரின் படம் எடுத்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்து.

"நா வூட்ட வுட்டு எறங்குனா ஒண்ணு ஸ்கூலுக்கு, இல்லன்னா கோயிலுக்கு, இல்லன்னா எதுனா சாவு கல்யாணம். அப்பறம் உங்கப்பாரோட ஆஸ்பத்திரிக்கு. இந்த வண்டி ஆஸ்பத்திரி வாசலத் தவுத்து வேற எத்தையும் பாத்ததில்ல. அவரு போனப்பறம் அதுமேல தார்ப்பாய் போட்டப்ப, எனக்கும் சேத்துப் போட்ட மாதிரி இருந்துச்சி. அதான் கத்துக்கினேன். மொதோ தபா இங்க வந்து எறங்குனப்ப யாரும் எதுக்கு வந்தன்னு கேக்கல. நல்லா இருந்துச்சி."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ தெனம் எங்க இருக்கன்னு கேக்கிற. வூட்லன்னு சொன்னா உனக்கு நிம்மதி ஆயிடுது. அதுக்காவ வூட்லன்னு சொன்னேன்."

"சரி, ஓட்டும்போது எதுக்கு போன எடுத்த?"

"எடுக்கலன்னா இன்னா பண்ணுவ? அந்தோணிக்கு அடிப்ப. அவன் பக்கத்து வூட்டுக்கு அடிப்பான். அவங்க வந்து கதவத் தட்டுவாங்க. நா இல்லன்னு தெரிஞ்சா ஊரே கூடிடும். அதான் எடுத்தேன்."

அந்தப் போலீஸ்காரர் படம் எடுத்தது அம்மாவை. அவள் கையில் போனைத் திணித்தது நான். இறங்கும்போது ஒரு வளைவில் அம்மா திடீரென்று, "பயமா இருக்குதாடி?" என்றாள். "இல்ல" என்றேன். அதுவும் பொய்தான்.

8

நாங்கள் திரும்பியபோது வாசலில் அந்தோணி ஒருவரோடு நின்றிருந்தான். கார் வாங்க வந்தவர். காலியான கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோணி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து அம்மா இறங்குவதைப் பார்த்ததும் வந்தவரை விட்டுவிட்டு எங்களிடம் வந்தான்.

"விக்கல" என்றேன்.

"அக்கா, அம்மாவுக்கு இன்னா வயசு? எதுனா ஆச்சின்னா நீயா ஓடி வருவ? ஏழு கடல் தாண்டி இருக்கற நீ முடிவு பண்ற, தூக்கிக்கினு ஓடறது நானு."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பயம் எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அம்மாதான் பதில் சொன்னாள். "எனக்கு முடியலன்னா நானே சாவிய குடுத்துடுவேன்டா. நீங்களா புடுங்காதீங்க." வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

அந்த வாரமே வண்டியை அம்மா பெயருக்கு மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போனோம். இரண்டு ஜெராக்ஸ் போதும் என்றவர் மூன்று கேட்டார். மூன்று கொடுத்தபோது அசல் கேட்டார். கடைசியில் ஒருவர் நிமிர்ந்து, "வண்டிய யாரும்மா ஓட்டறது?" என்றார்.

"நாந்தாங்க."

உரிமத்தில் இருக்கிற படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். என் ஆய்வகத்தில் அவருக்கு உடனே வேலை கொடுக்கலாம். அபராதத்தை நான் கட்டுகிறேன் என்றதற்கு அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. புடிபட்டது நானு, நீ எதுக்குக் கட்ற என்று இ-சேவை மையத்தில் அவளே கட்டி ரசீது வாங்கிக்கொண்டாள்.

நடந்ததை எல்லாம் குடியுரிமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்போதும் காலையில் வேலைக்குப் போகும்போது கூப்பிடுகிறேன். சில நாள் எடுக்கிறாள். சில நாள் மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. வண்டியில் இருந்தால் எடுக்க மாட்டேன் என்று சொல்லித்தான் அனுப்பினாள். தெரிந்தும் அந்தோணியின் எண் வரைக்கும் விரல் போகும். அழுத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டு வருகிறேன். எளிதாக இல்லை.

போன வாரம் ஒருநாள் அப்படித்தான் எடுக்கவில்லை. ஆய்வகத்துக்குள் நுழைந்து கோட்டை மாட்டும்போது அவளே கூப்பிட்டாள். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"இப்பதான் வண்டிய ஓரங்கட்டுனேன். சொல்லு."

"சாப்டியாம்மா?"

"ஆச்சி."

"மாத்திர?"

"போட்டாச்சி."

வழக்கமான மூன்றாவது கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கிவிட்டேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது.

"ஏன்டி, எங்க இருக்கன்னு கேக்க மாட்டியா?" அவள் குரலில் சந்தேகம்.

"கேக்கல."

பிறகு அவள் தாழ்ந்த குரலில், பக்கத்தில் யாரோ ஒட்டுக் கேட்பது போலச் சொன்னாள்:

"வெள்ளிமல தாண்டி சேராப்பட்டு வரைக்கும் வந்துட்டேன்டி. அதுக்கு அந்தாண்ட ரோடு எங்க எறங்குதுன்னு தெரியல. போய்ப் பாக்கப் போறேன், போன வைய்யி."